இடது சக்கரத்து மரையாணி

அவருடைய காரின் பின் இருக்கையில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. நான் மட்டுமா? எவருமே உட்கார்ந்ததில்லை. முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர், பக்கத்தில் நான், பின்னால் சலவை வேட்டி போர்த்திய காலி இருக்கை. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் அப்போது ஓடிய சொற்ப மோட்டார்களில், இல்லாத ஆளுக்கு இத்தனை மரியாதை கொடுத்து ஓடியது அது ஒன்றுதான்.

"பாய், பின்னால யாரு? ஜின்னு கின்னு ஏறியிருக்கா?" என்று கண்டாங் கெர்பாவில் மாட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

"ஏறல. இனிமேத்தான் ஏறணும்" என்பார். ஹாரனின் ரப்பர்ப் பந்தை ஒரு அமுக்கு அமுக்குவார். போய்விடுவோம்.

ஒரு நாள் புக்கிட் தீமா ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. மேல்கூரை முன்பக்கம் ஒழுகியது, பின்பக்கம் ஒழுகவில்லை. நான் தொப்பலாக நனைந்துகொண்டே, பின்னால் அந்த உலர்ந்த வெள்ளைத் துணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"நானா, ஒரு ஓரமா மட்டும்..."

"நனைஞ்சா காஞ்சிரும் தம்பி" என்றார், தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட. "பெலான் பெலான் போயிரலாம்."

மெல்ல மெல்ல என்பதற்கு மலாய்ச் சொல். மற்றவர்களுக்கு அது பேச்சில் எப்போதாவது வரும். அவருக்கு மூச்சோடு வரும்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. நாகப்பட்டினத்துக்கு அண்டையில் ஒரு கரையோர ஊர்க்காரர். அங்கே அண்ணனை நானா என்பார்கள். எங்கள் தெருவும் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. முப்பதைத் தாண்டியிருப்பார். கைலியும் சல்லாத் துணியும் விற்கும் கடை. கடைக்குப் பின்னால் ஒரு முற்றம், முற்றத்தில் கார், வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த அப்பா, என்னையும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு கப்பல் ஆபீசில் உட்கார வைத்திருந்தார். உட்கார்ந்தது உடம்புதான். மனசு முழுக்க மோட்டார். துரைமார் படித்துவிட்டுப் போடும் மோட்டார்ப் பத்திரிகைகளைப் பொறுக்கி வந்து, பிஸ்டனிலிருந்து பெட்ரோல் குழாய் வரைக்கும் நெட்டுருப் போட்டிருந்தேன். கார் என்று ஒன்று வேலிக்கு அந்தப் பக்கமே நிற்கும்போது என்னை யார் பிடித்து வைக்க முடியும்?

"அந்த எண்ணெய்க் கையோடை உள்ளுக்கு வராதை!" என்பது அந்த நாட்களில் அம்மா எனக்குத் தினமும் பாடிய பாட்டு.

நானாவுக்கு எதையும் வலிந்து செய்யத் தெரியாது. கடைக்கு வரும் துணிப் பொதிகளின் சணல் கயிற்றை யாரும் கத்தியால்தான் அறுப்பார்கள். அவர் முடிச்சவிழ்ப்பார். வாடிக்கையாளர் நிற்பார், பேரம் நடக்கும், விரல்கள் பாட்டுக்கு முடிச்சோடு மல்லுக்கட்டாமல் சல்லாபம் பண்ணிக்கொண்டிருக்கும். அவருடைய சட்டைப்பை எப்போதும் அவிழ்த்த கயிறுகளால் புடைத்திருக்கும். கடையின் பழைய பூட்டு ஒன்று துருவேறிப் பிடித்துக்கொண்டபோது, நான் சுத்தியலோடு ஓடினேன். அவர் தடுத்துவிட்டார். நோன்பு மாதம் பூராவும் தினமும் காலையில் ஒரு சொட்டு எண்ணெய், ஒரு தட்டு. பெருநாள் அன்று சாவியைப் போட்டார். திறந்தது.

"பாத்தியா? அதுக்கே மனசு வந்துருச்சு."

"ஒரே அடியில நான் திறந்திருப்பேன் நானா."

"திறந்திருப்ப. பொறவு பூட்ட முடியாதுலா."

எனக்குக் கோபமாக வரும். இத்தனை நிதானமாக ஒரு மனிதன் இருந்தால், இருபதாம் நூற்றாண்டு எப்படி முன்னேறும்!

இவ்வளவு பொறுமைசாலிக்குப் பின் இருக்கை விஷயத்தில் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் கண்டுபிடித்தது காருக்கு அடியில்தான். காருக்கடியில் மல்லாந்து கிடக்கும் ஆளுக்கு எதிராளியின் முகம் தெரியாது. வெளியே வராத பேச்செல்லாம் அங்கே வரும்.

அவருடைய ஊரில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருப்பார்கள். ஆண்பிள்ளைதான் அங்கே போக வேண்டும். கப்பலேறிச் சம்பாதித்து, எப்போதாவது ஊருக்குப் போய், மனைவி வீட்டில் மருமகனாக விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கடல் தாண்டி வந்த பெண் அந்தத் தெருவில் ஒருத்தியும் இல்லை.

"போன தடவை போயிருந்தப்ப, என்கூட வந்துரு புள்ளன்னு கேட்டேன்" என்றார், ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டே. "'நீங்க கூப்பிடுற ஊருல எனக்குன்னு ஒரு எடம் இருக்கா? எவளும் உக்காராத எடம்?'னு கேட்டா. வெளையாட்டாத்தான் கேட்டா தம்பி. நான் வந்து இந்த வண்டிய வாங்கிட்டேன்."

ரப்பர்த் தோட்டத்து துரை ஒருவர் விற்ற பழைய கார். வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, பின் இருக்கையின் பழைய தோலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தோல் தைத்ததுதான். அன்றிலிருந்து துணி போர்த்தியாகிவிட்டது.

"அதுக்கப்புறம் திரும்பக் கேட்டீங்களா?"

"கேக்காம? எழுதுற கடுதாசிக்கெல்லாம் கடைசி வரியில ஒரு தட்டு. லேசாத்தான்."

ஒரே ஒரு முறை அந்தக் காரை ஒரு பட்டறைக்கு அனுப்பினார். வேலை முடிந்து ஓட்டி வந்தவர்கள், பின் இருக்கையில் டயரையும் கிரீஸ் டப்பாவையும் வைத்து, அதன் பக்கத்தில் பட்டறைப் பையன் ஒருவனைச் சீன முதலாளி தவ்க்கே மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார வைத்து அனுப்பியிருந்தார்கள். நானா ஒரு வார்த்தை திட்டவில்லை. தோலை மறுபடியும் கிழித்துவிட்டு இன்னொரு புதுத் தோல் தைத்தார். அதற்குப் பிறகு எந்த வேலையானாலும் முற்றத்திலேயே, எங்கள் கையாலேயே.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடைசி வரிக்குப் பதில் வந்தது. தன் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் வருகிறாளாம்.

அன்று அவர் கடையில் நடந்துகொண்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முடிச்சுகளை அப்படியே விட்டுவிட்டு, கயிற்றோடு துணியை எடுத்து நீட்டினார். சாயங்காலமானால் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கும் வீட்டுக்கும் காரை ஓட்டி ஒத்திகை பார்த்தார். எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் டிராம் தண்டவாளம் தூக்கிப் போடும் என்றெல்லாம் பாடம். நான்தான் பரீட்சை அதிகாரி.

அந்த ஒத்திகையில்தான் கோட்டை மேட்டுச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போனது. முன்னால் ஒரு புல் வண்டி. நானா லீவரை இழுக்கிறார், இழுக்கிறார், கார் தன்பாட்டுக்கு ஊர்ந்துபோய்ப் புல்லுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. சேதமில்லை. வண்டிக்காரர் இறங்கி வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என் மாடு நில்லுன்னா நிக்குது. உங்க மோட்டாருக்குப் புல்லு காட்டணுமோ?"

நான் சிரித்துவிட்டேன். நானா சிரிக்கவில்லை. திரும்பி, பின் இருக்கையில் சிதறிக் கிடந்த புல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவ உக்காந்திருந்தா?" என்றார்.

பிரேக்கை உடனே பிரித்தோம். பின்சக்கரம் இரண்டிலும்தான் பிரேக். சக்கரத்தின் நடுவே ஒரு வட்டப் பெட்டி. அதற்குள் வளைந்த இரண்டு இரும்புகள். நானா அவற்றைப் பிறை என்பார். லீவரை இழுத்தால் பிறைகள் விரிந்து பெட்டியின் சுவரைப் பிடிக்கும். அவற்றின் மேல் பட்டை தேய்ந்துபோயிருந்தது. மாற்ற வேண்டுமானால் பிறைகளைத் தாங்கி நிற்கும் மரையாணியைக் கழற்ற வேண்டும். அது துருவேறி இறுகிக் கிடந்தது.

வலது சக்கரத்து ஆணிக்கு நானா தன் வைத்தியத்தைச் செய்தார். மண்ணெண்ணெயில் நனைத்த விளக்குத் திரியை ஆணியைச் சுற்றிக் கட்டி ஊறவிட்டார். அவ்வப்போது சின்னச் சுத்தியலால் தலையில் டொக், டொக். காதை வைத்துக் கேட்பார். ஸ்பேனர் போட்டு ஒரு நெம்பு, வரவில்லையா, விட்டுவிடுவார்.

"குழாயைச் சொருகி ஏறி மிதிச்சா வந்துரும் நானா! நெம்புகோல் எவ்வளவு நீளமோ அவ்வளவு பலம்..."

"மிதிச்சா வராது, முறியும். பெலான் பெலான்."

வந்தது. முனகிக்கொண்டே வந்தது. நானா அதைத் துடைத்து, உள்ளங்கையில் வைத்து, குழந்தைக்குப் போல ஏதோ சொன்னார். கப்பல் வெள்ளிக்கிழமை, இடது சக்கரத்துக்கு வேண்டிய நேரம் இருந்தது. அதற்கும் திரி கட்டினோம்.

புதன்கிழமை மத்தியானம் எங்கள் ஆபீசுக்குப் பினாங்கிலிருந்து தந்தி வந்தது. அங்கே இறக்க வேண்டிய சரக்கு குறைவாம், கப்பல் நேற்று ராத்திரியே கிளம்பிவிட்டதாம். நாளைக் காலையே சிங்கப்பூர்! நான் பெரிய குமாஸ்தாவிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓடினேன், ரிக்ஷாகூட வைக்காமல். முற்றத்து வேலியைத் தாண்டிக் குதித்துக் கத்தினேன்.

"நானா! வெள்ளிக்கிழமை இல்ல! நாளைக்கு! நாளைக்குக் காலையில!"

அவர் எழுந்தார். என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சக்கரம் இல்லாத இடது பக்கத்தைப் பார்த்தார். மூலையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து வந்தார். ஸ்பேனரின் பிடியில் சொருகினார். நான் வாயைத் திறப்பதற்குள் அதன்மேல் ஏறி நின்றார்.

பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு உடைகிற சத்தம்.

ஆணியின் தலை மட்டும் ஸ்பேனரின் வாயில் இருந்தது. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது. நானா தரையில் உட்கார்ந்து அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷம் பொறுத்தேன்லா தம்பி" என்றார். "ஒரு ராத்திரி பொறுக்கல."

நான் சும்மா இருக்கவில்லை. பக்கத்துத் தெருப் பத்தரை, அவருடைய கரியடுப்போடும் ஊதுகுழலோடும் இழுத்து வந்தேன். தங்கத்தை உருக்குகிற மனுஷனுக்கு இரும்பைச் சூடாக்கத் தெரியாதா?

"காதுல சிக்கின திருகாணியெல்லாம் என்கிட்ட வாய் பேசாம வரும்" என்று பத்தர் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "இது என்ன, யானைத் தோடா?"

ஆணியைச் சுற்றிச் சூடேற்றினார். கையால் சுற்றும் டிரிலால் முறிந்த ஆணியின் நடுவில் ஒரு துளை போட்டேன். பழைய அரத்தின் கூர்ந்த வாலை அந்தத் துளைக்குள் அடித்து இறக்கி, அதை ஸ்பேனரால் பிடித்துத் திருப்பினோம். நான் பத்திரிகையில் படித்த உத்தி. அரம் இறுகிப் பிடித்தது, ஆணி அசையவில்லை. இருட்டியதும் பத்தர் அடுப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். நானா புதிதாகத் திரி கட்டினார். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

விடிந்ததும் நான் வேலியைத் தாண்டினேன். நானா பஜர் தொழுதுவிட்டுக் காரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிழக்கே இருந்து வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நான் குனிந்து, பிறைகள் பொருந்தியிருந்த தகட்டின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த ஆணியின் நுனியைத் துணியால் துடைத்தேன். எண்ணெயும் மண்ணும் போய் மரை தெரிந்தது. ஏதோ சரியில்லை. வலது சக்கரத்து ஆணியை எடுத்து வந்து பக்கத்தில் பிடித்தேன். இதன் மரை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறியது. அதன் மரை மறுபக்கமாக.

"நானா! மரை மாறியிருக்கு!"

"என்ன மாறியிருக்கு?"

"இடது சக்கரம் சுத்துற சுத்துல ஆணி தானாக் கழண்டு வந்துரக்கூடாதுன்னு, மரையை எதிர்ப்பக்கமா வெட்டியிருக்கான்! நாம கழட்டவே இல்ல. இத்தனை நாளும் இறுக்கியிருக்கோம்!"

நானா சிரிக்க ஆரம்பித்தார். தொப்பி கீழே விழும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் ஸ்பேனரை வாங்கி, உள்ளே இறுகி நின்ற அரத்தில் போட்டு, எதிர்ப்பக்கமாக, மெதுவாக ஒரு திருப்பு. சோப்பு நுரையில் மோதிரம் கழல்வதுபோல் வந்துவிட்டது. முதல் ஆணியைக் கொஞ்சியவர் இதைக் கொஞ்சவில்லை.

"அது வரமாட்டேன்னு சொல்லல தம்பி" என்றார், சிரிப்பு நின்ற குரலில். "நான்தான் இறுக்கிக்கிட்டே இருந்திருக்கேன்."

திரும்பி வந்த பத்தர் ஒரு இரும்புக் கம்பியை அளவாக ராவி, முனையில் ஊசி சொருகித் தந்தார். புதுப் பட்டை மாட்டி, அதை ஆணிக்குப் பதிலாகப் போட்டோம். துறைமுகம் போகும்வரை நானா சரிவுக்குச் சரிவு நிறுத்திப் பார்த்தார். சொன்ன இடத்தில் நின்றது.

கப்பல் கட்டியிருந்தது. ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளைத் துப்பட்டி தெரிந்த இடத்திலெல்லாம் நானாவின் கழுத்து நீண்டது. கடைசியில் கையில் ஊறுகாய் ஜாடியோடு ஒரு இளைஞன் வந்தான். அவளுடைய தம்பி. தனியாக வந்தான்.

"தோணி வரைக்கும் வந்தாங்க மச்சான்" என்றான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையிலிருந்து விலகித்தான் நிற்கும்; தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். "தண்ணியில காலும் வச்சாங்க. பொறவு உம்மாவத் திரும்பிப் பாத்தாங்க."

"அழுதாளா?"

"இல்ல மச்சான்..." அவன் ஜாடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "சிரிச்சாங்க. 'மச்சான்கிட்டச் சொல்லு, அந்த எடத்த இங்க கொண்டாரச் சொல்லு'ன்னாங்க."

நானா ஜாடியை வாங்கிக்கொண்டார். காருக்கு வந்ததும் அந்தப் பையன் பின் கதவில் கை வைத்தான். அவனுக்கு என்ன தெரியும்!

"அங்க ஏறாதீங்க!" என்றது நான்தான். அவனை முன்னால் உட்கார வைத்துவிட்டு, சிராங்கூன் ரோடு வரைக்கும் கால்பலகையில் தொற்றிக்கொண்டு வந்தேன். பிரேக் அன்று பிடித்ததுபோல் என்றைக்கும் பிடித்ததில்லை.

இப்போது அந்தக் கார் ஒரு காய்கறிக்காரரிடம் இருக்கிறது. பின்னால் பலகை அடித்துப் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு போகிறார். ரேஸ்கோர்ஸ் பக்கம் அதை எதிரில் பார்த்தால் நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். ஆபீஸ் துரையின் காரை இப்போது நான்தான் கவனித்துக்கொள்கிறேன். பிடித்துக்கொண்ட ஆணி வந்தால் முதலில் மரையைப் பார்க்கிறேன், திரி கட்டுகிறேன், டொக் டொக் என்று தட்டிவிட்டு யாரோ என்னவோ சொல்லப்போகிறார் என்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய மைத்துனனிடம், ஊருக்குப் போன நானா எப்போது திரும்புவார் என்று கேட்பதை நான் விட்டுவிடவில்லை. லேசாகத்தான் கேட்கிறேன்.

அவர் காரை விற்றார். பின் இருக்கையை விற்கவில்லை. நாங்கள் இருவரும்தான் அதைக் கழற்றினோம். ஒவ்வொரு போல்ட்டிலும் மரை எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே ஸ்பேனரை வைத்தார். சாக்கில் சுற்றி, அவரும் ஏறவிருந்த நாகப்பட்டினக் கப்பலுக்குக் கொண்டுபோனோம். வலைக்கயிற்றில் வைத்துத் தூக்க ஆள் வருவதற்காகத் துறைமுகத்துத் தளத்தில் காத்திருந்தபோது, நானா சாக்கை விலக்கினார். வெள்ளைத் துணியையும் விலக்கினார். முதல் தடவையாக அந்தத் தோலைப் பட்டப்பகலில் பார்த்தேன். கரும்பச்சை. ஒரு சுருக்கம்கூட இல்லை.

"உக்காரு தம்பி" என்றார். "ஒரே ஒரு தடவை. எத்தனை நாளு கேட்ட."

கேட்டதுதான். மழையில் கேட்டேன், வெயிலில் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன். இப்போது வெயிலில் மினுங்கிக்கொண்டு முன்னால் இருந்தது.

"வேண்டாம் நானா. அவங்க கேப்பாங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு துணியைப் போர்த்தினார், சாக்கைச் சுற்றினார், சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய கயிற்றை எடுத்துக் கட்டினார். அவிழ்க்கத் தோதான முடிச்சு.

வலைக்கயிறு வந்தது. இருக்கை தரையை விட்டு எழும்பியது. எங்கள் தலைக்கு மேலே காற்றில் சுழன்று லேசாக ஆடியது. நானா கப்பலை நோக்கி ஓடினார், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மேலே பளு தூக்கும் பொறியை இயக்கும் மலாய்க்காரரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு.

"பெலான்! பெலான்!"

துறைமுகமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இருக்கை மெல்ல மெல்லக் கப்பலுக்குள் இறங்கியது, அப்போதும் காலியாகவே.